சைகோன் யூசுப் வரைந்த குடும்பப் படங்கள்

“கருப்பையா, அல் கூஸ் கேம்ப். ஆள் நாற்காலியில். மகன் மடியில். வீட்டுக்காரி பக்கத்தில் நின்றபடி. சேலை மாம்பழக் கலர். பின்னால் நீர்வீழ்ச்சி. கையில் தங்க வாட்ச். வாட்ச் கிடையாது, போடச் சொன்னார்.”

ஒரு வீடியோ கேசட் கடை ரசீதின் பின்பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது. பென்சில் எழுத்து, சாய்வாக, அவசரமாக. இடது மூலையில் நாளும் மாதமும் இருக்கின்றன. ஆண்டு இல்லை. எழுதிய யூசுப்பிடம் ஒருமுறை இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டேன். “வருசத்த நான் எழுதலைன்னா அது வராமலா போயிடும்?” என்றார்.

ஆண்டை நானே கணித்தேன். நான் ஷார்ஜா ரோலாவில் அறை எடுத்துத் தங்கிய இரண்டாவது குளிர்காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். சென்ற வாரம் இந்தப் பத்தியில் ரோலா அறையின் சமையல் முறைகளைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், “உங்கள் நண்பர்கள் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றியேதான் பேசுவார்களா?” என்று கேட்டிருந்தார். இல்லை. யூசுப் முகங்களைப் பற்றிப் பேசுவார்.

வெள்ளிக்கிழமை, சத்வா

துபாய் சத்வாவில் ஒரு தையல்கடைக்குப் பின்னால் இருந்தது யூசுப்பின் அறை. டர்பன்டைன் வாசனையும், தையல்கடை இஸ்திரிப் பெட்டியின் ஆவி வாசனையும் கலந்து அடிக்கும். வெள்ளிக்கிழமை மதியம் ரோலாவிலிருந்து பஸ் பிடித்து அங்கே போய்விடுவேன். அவர் வரைவார், நான் ஊரிலிருந்து வந்த பழைய பத்திரிகைகளைப் படிப்பேன்.

அன்று கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் கருப்பையா. ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். பைப் ஃபிட்டர். சாதாரணமாக வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமிவிட்டு வருகிற மனிதர்.

“பாய், எம் பக்கத்துல நிக்கிறது யாரு?”

யூசுப் தூரிகையை நிறுத்தாமலே சொன்னார். “இந்தப் பக்கம் நம்ம தம்பி. அந்தப் பக்கம் பெயிண்ட் டப்பா.”

“வெளையாடாதீக. ஊருக்கு அனுப்புன படத்துல நிக்கிறது யாருன்னு கேக்கேன்.”

“உங்க சம்சாரம்.”

“எஞ் சம்சாரம் இல்லையாம். ஊருல விரிச்சுப் பாத்துருக்காக. சீனாக்காரி ஒருத்தி எம் பொண்டாட்டி சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிறாளாம். அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. இனிமே வர மாட்டேங்குறாளாம்.”

கார்டு போனில், ஊர் டீக்கடை நம்பருக்குப் பேசியிருக்கிறார். மனைவியைக் கூப்பிடச் சொன்னால், மைத்துனர் வந்து போனை வாங்கியிருக்கிறார். கார்டு தீரும்வரை மைத்துனர்தான் பேசியிருக்கிறார்.

“துபாயில குடும்பம் வச்சுருக்கேன்னு ஊரே பேசுது பாய். கேம்ப்புல கட்டிலுக்கு மேல கட்டில். நான் மேல் கட்டிலு. இதுல எங்கிட்டுப் போயி ரெண்டாவது குடும்பம் வைக்கிறது?”

யூசுப் தூரிகையைக் கீழே வைத்தார். “நீங்க படத்தப் பாத்துத்தானே வாங்கிட்டுப் போனீங்க?”

“பாத்தேன்.”

“என்னா பாத்தீங்க?”

கருப்பையா தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். “வாட்சைப் பாத்தேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “மீசையும் நல்லா வந்துருந்துச்சு” என்றார்.

“சம்சாரத்த?”

“கொஞ்சம் வெளுத்துருக்கான்னு நெனச்சேன். மூணு வருசமாச்சு. எனக்கென்ன தெரியும்?”

முகம் ஒன்று, மொழி வேறு

யூசுப்பை அறியாதவர்களுக்காக இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

அவருடைய வாப்பா காரைக்கால்காரர். சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். நம் கடற்கரை ஊர்களிலிருந்து அங்கே போய்க் கடை வைத்தவர்கள் பலர் உண்டு. அம்மா வியட்நாம் பெண். யூசுப் பிறந்தது, தெருவில் பந்து விளையாடியது எல்லாம் சைகோன். போர் முடிந்து ஆட்சி மாறி, கடைகள் மூடப்பட்டபோது வாப்பாவும் மகனும் மதராஸ் வந்து இறங்கினார்கள். மகனுக்கு அப்போது பத்து வயதோ பதினொன்றோ. அவர் ஒருமுறை சொன்ன கணக்கு மறுமுறை சொன்னதோடு ஒத்துப்போகாது. கழுத்தில் ஓர் அட்டை மாட்டியிருந்தார்கள் என்பதை மட்டும் மாற்றாமல் சொல்வார்.

அந்த முகத்தோடு காரைக்கால் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பையன்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவது என்று முதல் வாரமே முடிவு செய்தாராம். அதுதான் பின்னாளில் மேடைக்கு வந்தது.

துபாயில் தமிழர்கள் கூடுகிற பொங்கல் விழா, பெருநாள் கூட்டம் எதுவானாலும் யூசுப்புக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். அவர் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். ஒருமுறை சவுதியில் அல் கோபார்வரை கூப்பிட்டிருந்தார்கள். அங்கே மேடை நிகழ்ச்சிக்கு அனுமதி கிடையாது. ஓர் எஞ்சினியர் வீட்டின் ஹாலில், சோபாவைச் சுவர் ஓரம் தள்ளிவிட்டு நிகழ்ச்சி. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதால் எல்லாரும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்களாம். “என் வாழ்நாள்ல கைதட்டல் இல்லாம தலையணை மட்டும் ஆடுன ஒரே புரோகிராம்” என்பார்.

அவர் மேடையில் சொல்பவற்றில் எனக்குப் பிடித்தது பஸ் கதை. ரோலாவிலிருந்து துபாய் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற இரண்டு தமிழர்கள், “இந்தச் சப்ப மூக்கன் எப்ப எறங்குவான்? கால் வலிக்குது” என்று உரக்கப் பேசிக்கொள்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர் என்று நினைப்பு. தேரா வந்ததும் இவர் எழுந்து, “உக்காருங்க மாமா, சூடு பண்ணி வச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த இருவரும் கடைசி நிறுத்தம்வரை நின்றுகொண்டே போனதாகக் கேள்வி. இதை உறுதிசெய்ய அவர்களைத் தேடினேன், கிடைக்கவில்லை.

பள்ளிவாசலிலும் இதே கதைதான். புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர் என்று நினைத்துப் பெரியவர்கள் கட்டிக்கொள்வார்கள், பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். “பரம்பர முஸ்லிம்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும் தம்பி. அதான் ஒவ்வொரு ஜும்மாவுக்கும் புதுசா சேந்துக்கிறேன். பழமும் நல்ல பழம்.”

எல்லாரும் ஒரே சட்டத்துக்குள்

பிழைப்பு, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது. நாகப்பட்டினத்தில் சினிமா பேனர் வரைந்து கற்றுக்கொண்ட கை. அந்தக் கைக்கு வெள்ளிக்கிழமைகளில் வேறு வேலை இருந்தது.

தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவர்களிடம் குடும்பப் போட்டோ இருக்காது. அவர்கள் ஸ்டூடியோவில் டெலிபோனைக் காதில் வைத்துத் தனியாக எடுத்த படம் ஒன்று இருக்கும். மனைவிக்குப் பாஸ்போர்ட் அளவில் ஒன்று. இவர்கள் விமானம் ஏறிய பிறகு பிறந்த பிள்ளைக்கு, பால்வாடியில் எடுத்தது ஒன்று. மூன்றும் மூன்று ஊரில், மூன்று வருடத்தில் எடுத்தவை. யூசுப் மூன்றையும் சேர்த்து, தையல்கடையில் மிஞ்சிய கெட்டித் துணியில் ஒரே குடும்பமாக வரைந்து கொடுப்பார். துணி என்பதால் சுருட்டி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடலாம்.

காலமான தகப்பனாரையும் சேர்த்து நிற்க வைக்கச் சொல்வார்கள். “மௌத்தானவங்களுக்குத் தனி சார்ஜ் கிடையாது” என்பார். கல் வீடு கட்டாதவர்களுக்குக் கல் வீடு, கார் இல்லாதவர்களுக்குக் கார். சிலர் தொப்பையைக் குறைக்கச் சொல்வார்கள், சிலர் நல்லாச் சாப்பிடுவதாக ஊரில் தெரிய வேண்டும் என்று கூட்டச் சொல்வார்கள். வரைவதற்காக உட்காரவைத்தால் ஆட்கள் விசா போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல விறைத்துவிடுவார்கள். அதற்காகத்தான் யூசுப் வேடிக்கை பேசிக்கொண்டே வரைவார். சிரிப்பு முகத்தில் வந்து போகிற நேரத்தில் பிடித்துவிடுவார்.

ஆண்களை அப்படி நேரில் பார்த்து வரைந்தார். பெண்களை அப்படிப் பார்க்க வழியில்லை. அவர்கள் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய போட்டோவில் இருந்தார்கள்.

சுவரில் சாய்ந்திருந்தவை

கருப்பையா கொடுத்த போட்டோக்கள் இன்னும் கவரில் இருந்தன. எடுத்துப் பார்த்தோம். அவர் மனைவி பாண்டியம்மாளுக்கு நீள முகம். கூர்மையான மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. எதிரே இருப்பவரை அளந்து பார்க்கிற கண்.

“இதப் பாத்துத்தான் வரைஞ்சேன் தம்பி” என்றார் யூசுப்.

வாங்கிப் போகாத படங்கள் சில சுவரோரம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். ஒன்று திருநெல்வேலிக் குடும்பம், ஒன்று புதுக்கோட்டை, ஒன்று மலையாளி. சேலைகள் வேறு, நகைகள் வேறு. சேர்த்துப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்று பெண்களும் ஒரே பெண். வட்ட முகம், இமை சற்று இறங்கிய கண், மேலுதட்டில் ஒரு சிறு மடிப்பு.

கருப்பையா படங்களையும் யூசுப்பின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்கும் விளங்கியது என்று நினைக்கிறேன்.

“அந்த மடிப்பு, மா கோவமா இக்கிறப்ப வரும்” என்றார் யூசுப். தன் தாயை அவர் ‘மா’ என்றுதான் சொல்வார். அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். “எல்லாருக்கும் போட்டு வச்சிக்கிறேனே.”

பிறகு, பழக்கம் விடவில்லை. “இந்தக் கணக்குப்படி கேம்ப்புல பாதிப் பேரு எனக்கு வாப்பா ஆயிட்டாஹ.”

“நானுமா?” என்றார் கருப்பையா. அவர் சிரிக்கவில்லை.

“வேற படம் போட்டுத் தாரேன். நாளைக்கே.”

“வேற படம் போனா, பழசுல இருந்தவ யாருன்னு கேப்பா. நானே சொன்னா நம்ப மாட்டா. லீவு அடுத்த வருசந்தான். பாஸ்போர்ட் கம்பெனில கெடக்கு. போயி நிக்கவும் முடியாது.” கருப்பையா கட்டிலில் உட்கார்ந்தார். “நீங்களே சொல்லுங்க பாய். ஊரையே சிரிக்க வைக்கிறீகல்ல. ஒருத்திய நம்ப வைங்க.”

ஏ.சி.யை நிறுத்தியபின்

கடிதம் எழுதச் சோம்பல்பட்டவர்களும் எழுதத் தெரியாதவர்களும் அப்போது கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கம். யூசுப்பிடம் ஒரு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் இருந்தது. பதிவில் இரைச்சல் வரும் என்று ஏ.சி.யை நிறுத்தினோம். குளிர்காலம்தான், ஆனாலும் ஜன்னல் இல்லாத அறையில் மூன்று பேர்.

முதல் தடவை மேடைக் குரலில் ஆரம்பித்தார். “அன்பார்ந்த முதுகுளத்தூர் வட்டாரப் பெருமக்களே.” கருப்பையா கையை நீட்டிப் பட்டனை அழுத்தி நிறுத்தினார்.

“இப்படிப் பேசுனா அவ அண்ணனுக்கும் சேத்துக் கோவம் வரும் பாய்.”

“அவருக்கு இனிமேயா வரணும்?” என்றார் யூசுப். ஆனாலும் பின்னால் ஓட்டிவிட்டு மறுபடி பேசினார். பேசியதை இங்கே என் நினைவிலிருந்துதான் எழுதுகிறேன்.

“தங்கச்சி, நான் யூசுப். படம் வரைஞ்ச ஆளு. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நிக்கிறது எங்க மா. அவஹளுக்கு உங்க வீட்டுக்காரர் யாருன்னே தெரியாது. தெரிஞ்சாலும் பக்கத்துல நின்னிருக்க மாட்டாஹ, ரொம்பக் கண்டிப்பு. வாப்பாவையே கடை நாத்தத்தோட உள்ள விட மாட்டாஹ. கால் கழுவிட்டுத்தான் வரணும்.

“நாங்க கிளம்புன அன்னைக்கு ஏர்போர்ட்டுல என் காலர் பொத்தானப் போட்டு விட்டாஹ. நான் அவஹ மூஞ்சியப் பாக்கல. பிளேனப் பாத்துக்கிட்டு இந்தேன். மொத பிளேனு தங்கச்சி. சின்னப் பையன், என்னா செய்வான். அவஹளுக்கு இன்னும் பேப்பர் வரல, அடுத்த பிளேன்ல வாறேன்னாஹ. போட்டோ ஆல்பம் அவஹ பையில இந்துச்சு. அடுத்த பிளேன் வரல. கொஞ்ச நாள் கடுதாசி வந்துச்சு, அப்புறம் அதுவும் இல்ல. அதனால எங்கிட்ட ஒரு போட்டோவும் கெடையாது. மூஞ்சி மறந்துடுச்சுன்னுதான் நெனச்சிக்கிட்டு இந்தேன். கை மறக்கல போலிக்கிது. உங்க போட்டோவப் பாத்துத்தான் வரைஞ்சேன், வல்லாஹி, சத்தியமா. கண்ணு உங்களப் பாத்துச்சு, கை அதும்பாட்டுக்குப் போயிடுச்சு.

“உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல. அவரு படத்துல வாட்ச மட்டுந்தான் பாத்தாரு.”

இதை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அங்கே அவர் கதை காரைக்கால் பள்ளிக்கூடத்தில்தான் தொடங்கும்.

கேசட்டின் மறுபக்கத்தில் கருப்பையா பேச வேண்டும். வெகுநேரம் தொண்டையைச் செருமினார். பிறகு, “சாப்ட்டியா? பய சாப்ட்டானா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

“சொல்லுங்களேன்” என்றார் யூசுப் மெதுவாக.

“அதான் கேட்டுட்டேனே” என்றார் கருப்பையா.

மஞ்சள் பை

கேசட் போய்ச் சில வாரங்களுக்குப் பதில் இல்லை. டீக்கடைக்குப் போன் செய்தால் மைத்துனர் வரவில்லை, யாருமே வரவில்லை. கருப்பையா ஒவ்வொரு வெள்ளியும் வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டுப் போவார். யூசுப் அந்த வாரங்களில் பெண்களை வரையவில்லை. வந்தவர்களிடம், பெண்கள் பகுதிக்கு இப்போது லீவு என்று சொல்லி அனுப்பினார்.

வெயில் ஏறத் தொடங்கியபோது, லீவு முடிந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் கேம்ப்பில் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். கருப்பையா அதைப் பிரிக்காமல் அப்படியே சத்வாவுக்குக் கொண்டுவந்தார். உள்ளே கருவாடு, ஒரு கேசட், செய்தித்தாளில் சுருட்டிய துணி.

மறுபடி ஏ.சி.யை நிறுத்தினோம். முதலில் கோழிச் சத்தம். பிறகு பாண்டியம்மாளின் குரல், போட்டோவிலிருந்த கண்ணைப் போலவே நேராக.

“யூசுப்பு அண்ணே, கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். எங்க அண்ணன் மொதத் தடவ கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்னுச்சு. எங்ககிட்ட மாடே இல்ல.

“நான் வீட்டுக்கு வந்துட்டேன். படத்தையும் கொண்டாந்துட்டேன். மாட்டலாம்னு ஆணி அடிச்சேன். அடிச்சுட்டு யோசிச்சேன். பெத்த பிள்ள கையில ஒரு படம் இல்ல, எவ வீட்டுச் சொவத்துலயோ அந்தம்மா நிக்கிறது நல்லா இல்ல. அதான் கத்திரிக்கோலப் போட்டுட்டேன். கோவிச்சுக்கிறாதீக. சேல எனக்குன்னு சொன்ன கலரு. பரவால்ல, அவுகளுக்கே இருக்கட்டும்.

“கை ஒண்ணுதான் கழட்ட முடியல. இவரு தோள்ல வச்சுருக்காக. அத வெட்டுனா இவரு கழுத்தும் வந்துரும். அது எங்க வீட்டுலயே இருக்கட்டும்ணே. கேக்குறவுககிட்ட எங் கைன்னு சொல்லிக்கிறேன்.

“அவருகிட்டச் சொல்லுங்க. நாங்க சாப்ட்டோம். வேற படமெல்லாம் வேணாம். ஆளு வரட்டும்.”

கோழி மறுபடி கத்தியது. டேப் நின்றது.

கருப்பையா பின்னால் ஓட்டி, கடைசி வார்த்தைகளை மட்டும் திரும்பக் கேட்டார். “ஆளு வரட்டுங்குறால்ல?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். யூசுப்பிடமும் கேட்டார். பிறகு முகம் கழுவப் போனார்.

யூசுப் துணியை விரித்தார். சேலை ஓரத்தை ஒட்டி நிதானமாக வெட்டியிருந்தாள் பாண்டியம்மாள். நீர்வீழ்ச்சியில் ஒரு துண்டும் சேர்ந்து வந்திருந்தது. வலது கை மணிக்கட்டோடு முடிந்தது. நான்கு மூலையிலும் குண்டூசி குத்திக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார்.

“சேலை நல்லாத்தான் இக்கிது” என்றார். “மா ஒருநாளும் சேலை கட்டினதில்ல.”

கை வரைந்து சேர்க்கப்போகிறீர்களா என்று கேட்டேன். “அது வேற வீட்டுல வேலையா இக்கிதுல்ல” என்றார்.

கருப்பையா அடுத்த ஆண்டு லீவில் ஊருக்குப் போனார். திரும்பி வந்தவர் கொஞ்ச காலத்தில் கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கே போய்விட்டார். யூசுப் பின்னாளில் தன் மேடைக் கதைகளைத் தொகுத்துச் சென்னையில் சிறிய புத்தகமாகப் போட்டார். அட்டையில் அந்தக் கை இல்லாத பெண்தான். உள்ளே, ‘நினைவிலிருந்து வரைந்தது’ என்று ஒரு வரி.

அந்த வரியை உறுதிசெய்ய முயன்றேன். வாப்பா முன்பே காலமாகிவிட்டார். ஆல்பம் வரவே இல்லை. யூசுப்பின் தாயைச் சின்ன வயதில் பார்த்த உறவினர் ஒருவர் பாரிஸ் பக்கம் இருப்பதாகத் தெரிந்து, புத்தகத்தை அனுப்பி, அட்டையில் இருப்பவரைத் தெரிகிறதா என்று கேட்டு எழுதினேன். புத்தகம் திரும்பி வரவில்லை, பதிலும் இல்லை. ஆகவே, சத்வாவில் வரையப்பட்ட அத்தனை பெண்களுக்கும் வாய்த்த அந்த முகம் யூசுப்பின் தாயின் முகம்தானா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.